வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

எல்லையைத் தாண்டியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டியில் அவள் ஒருத்திதான். ஆனாலும் பக்கத்து சீட்டு, பெல்ட் போடச் சொல்லி மறுபடியும் கத்த ஆரம்பித்தது.

காலையிலிருந்தே இந்த ரோதனை. கைப்பையைப் பின்னால் தூக்கிப் போட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஆளில்லாத சீட்டுக்கு அவளே பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

சத்தம் நின்றது.

கணவர் செத்து ஒரு வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை இந்த வண்டியின் ஸ்டீயரிங்கை அவள் தொட்டதில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்புவார். தெருமுனையில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். ‘அவளுக்கு உடம்பு சரியில்லை’ என்று அவள் வேலை பார்த்த லேபுக்குப் போன் செய்து செய்தே அந்த வேலைக்கு உலை வைத்தார். ஊர் அவரைத் தங்கமான மனுஷன் என்றது. அவர் போனபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அதையும் ஊர் பேசியது.

அப்புறம்தான் வண்டி ஓட்டக் கற்றாள். அயல்நாட்டில் ஒரு லேபில் ஆறு மாத வேலை கிடைத்ததும், யாரையும் கேட்காமல் கிளம்பிவிட்டாள்.

அங்கே வாடகைக்குப் பிடித்திருந்த அறை மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் ஈரச் சுவர் வாடை. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“தனியாவா வந்தே?”

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

“பேசாம வாசல்ல ஒரு ஆம்பளைச் செருப்பைப் போட்டு வை அக்கா. எவனும் கதவைத் தட்ட மாட்டான்.”

“செருப்புக்கு நான் எங்கடி போவேன்?”

“மாமாவோடது வண்டியிலயே கிடக்குமே.”

கிடந்தது. பெல்ட் மாட்டியிருந்த அந்த சீட்டுக்கு அடியில், குதிகால் தேய்ந்த பழைய தோல் செருப்பு. இரண்டு விரலால் தூக்கி வந்து வாசலில் போட்டாள். கசப்பாகச் சிரிப்பு வந்தது.

“இருந்தப்பதான் ஒரு பிரயோஜனமும் இல்ல. இப்பவாவது காவலுக்கு நில்லுங்க” என்றாள்.

மறுநாள் வேலையில் சேர வேண்டும். குளித்து, சீருடை மாட்டி, தலை வாரும்போது சவர சோப்பு வாசனை அடித்தது. கீழ்வீட்டிலிருந்து வருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாவியைத் திருப்பிக் கதவை இழுத்தாள்.

வரவில்லை.

பூட்டு திறந்துதான் இருந்தது. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியே குனிந்து பார்த்தாள். வாசலில் செருப்பைக் காணோம்.

வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. கொஞ்சம் திறந்து விடுங்க.”

“யாரோவா? உன் வீட்டுக்காரர்தானேம்மா இப்ப இறங்கிப் போனாரு. உனக்கு உடம்பு சரியில்ல, நீ இன்னிக்கு வேலைக்குப் போகலைன்னு சொல்லிட்டுப் போனாரே. தங்கமான மனுஷன்.”

“அவரு செத்துட்டாரும்மா.”

“சண்டைன்னா இப்படியா வாய்க்கு வந்ததைப் பேசறது? புருஷன் பொண்டாட்டி விவகாரத்துல நான் தலையிட மாட்டேம்மா.”

போன் துண்டிக்கப்பட்டது.

மேசைமேல் வைத்திருந்த வண்டிச் சாவியைத் தேடினாள். அது அங்கே இல்லை.

தெருமுனையில் ஹாரன் இரண்டு முறை அடித்தது.