பச்சைவாழியம்மன் சாட்சி

சம்பவம் தெரியவந்தபோது அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்.

ஏ.சி.க்கு நேர் கீழே, பஜ்ஜித் தட்டோடு, ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் தில்லைநாதன். ஜன்னலோரம், காட்டுமன்னார்கோயில் இலக்கியா. அவளுக்கு இடப்பக்கம், படம் வரையும் கடலூர் பிரிசில்லா. கடைசி வரிசையில், தனி ஆளாகவே ஓர் அணியான குடிகாடு செந்தமிழ்செல்வன்.

மற்ற அணிகள் சனிக்கிழமையே கையைத் தூக்கிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருந்தன.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி. ஞாயிறு மதியம் மூன்று மணி.

வீல்...!

அலறியது பிரிசில்லா.

"இலக்கியா... நம்ம கேம் செத்துப்போச்சுடி!"

ஃபோல்டர் காலி. நகல் வைத்திருந்த பென் டிரைவையும் காணோம்.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு வீடியோ கேம் செய்ய வேண்டும். அதுதான் போட்டி. கெடு ஐந்து மணி. ஜெயித்தால் இலக்கியாவுக்குச் சென்னை கம்பெனியில் வேலை. தோற்றால் திங்கட்கிழமை முதல் தாய்மாமன் அரிசி மில் ஆபீசில் நாற்காலி... அப்பா வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்ததாக தில்லைநாதன் பஜ்ஜியை மென்றபடி சொன்னார். ஈ, எறும்புகூட நுழையவில்லையாம்.

அப்போது...

பாம்ம்ம்!

கடைசி வரிசையில் ஒரு ஹாரன். இலக்கியா திரும்பினாள். காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில், காது கிழிய நின்று தன் கேமுக்காக அவளே பதிவு செய்த டவுன் பஸ் ஹாரன்!

செந்தமிழ்செல்வனின் திரையில் 'விண்வெளி வேட்டை'. அவளுடைய பஸ்தான். பச்சை பெயின்ட், இரண்டு றெக்கை. உள்ளே கண்டக்டர் இன்னமும் லால்பேட்டைக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

"றெக்கை வெச்சா பஸ்ஸு ராக்கெட்டாயிடுமாடா?"

எல்லா பஸ்ஸுக்கும் ஒரே ஹாரன்தான் என்று அவன் தோளைக் குலுக்கினான். அவள் மவுஸைப் பிடுங்கி, கேமை இயக்கும் நிரலைத் திறந்தாள். அவள் பெயர் இல்லை. பிரிசில்லா பெயர் இல்லை. தேதி இல்லை.

ஆனால், முதல் இரண்டு வரி...

உ
வாழைக்கொல்லை பச்சைவாழியம்மன் துணை

பரீட்சைத் தாளோ மளிகைச் சீட்டோ, இலக்கியா வீட்டில் எதை எழுதினாலும் முதலில் அதுதான். வெள்ளிக்கிழமை தொடக்க விழாவில் தில்லைநாதன் அதைப் பார்த்துவிட்டு, அம்மன் வந்து நிரல் எழுதுவாளா என்று மைக்கிலேயே கேட்டுக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"எங்க குலதெய்வம் குடிகாட்டுக்கு எப்படா குடிவந்துச்சு?"

ஏ.சி.யிலும் அவனுக்கு வேர்த்தது.

"நான் பாக்கலை இலக்கியா... எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு மாமாதான் சொன்னாரு..."

"எந்த மாமா?"

அவன் கண் ஏ.சி.க்குக் கீழே போனது.

அவன் அக்கா புருஷன்!

பாதி வழியில் நின்ற பஜ்ஜியைத் தில்லைநாதன் மெல்லத் தட்டில் வைத்தார். குரலில் மட்டும் பேராசிரியர் பாக்கி இருந்தார்.

"அவன் ரெண்டரைக்கே அனுப்பிட்டான்மா. ஒரே கேம் ரெண்டு வந்தா முதல்ல வந்ததுதான் செல்லும். புகார் இருந்தா கையால எழுதி, கவர்ல போட்டு எங்கிட்ட குடு. நான்தான் ஒட்டிச் சென்னை கம்பெனிக்கு அனுப்பணும். விதி ஒம்பது."

கேம் இன்டர்நெட்டில் போகலாம். புகார் மட்டும் காகிதத்தில்தான் போக வேண்டும். கல்லூரிச் சட்டம்!

"போச்சுடி. கிழிச்சுக் குப்பையில போட்டுருவாரு" என்றாள் பிரிசில்லா.

இலக்கியா திருட்டு நிரலின் முதல் பக்கத்தை அச்செடுத்தாள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், சாவி யாரிடம் இருந்தது, பென் டிரைவ் எப்போது காணாமல் போனது... ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதினாள். கடைசி வரி: 'றெக்கையைக் கழற்றிவிட்டுப் பார்க்கவும்.'

எல்லாவற்றையும் கவருக்குள் வைத்தாள். வெளியே, முகவரிக்கு மேலே, கொட்டை எழுத்தில் இரண்டு வரி எழுதினாள். எந்த இரண்டு வரி என்று சொல்ல வேண்டியதில்லை.

மேஜையில் வைத்தாள்.

"கிழிக்கிறதுன்னா கிழிச்சுக்கங்க சார். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்க பேரையெல்லாம் அழிச்ச கை, அந்த வரிகிட்ட மட்டும் ஏன் சார் நின்னுச்சு?"

தில்லைநாதன் கவரை எடுத்தார். விரல்கள் நடுவில் பிடித்தன. கண் அந்த வரியில் விழுந்தது. விரல்கள் தளர்ந்தன.

கைக்குட்டையை எடுத்து விரலில் இருந்த பஜ்ஜி எண்ணெயைத் துடைத்தார். மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றினார். பசை தடவி, ஓரம் பிசகாமல் ஒட்டினார். வெறுங்காலோடு கேட்டு வரை நடந்து, போட்டிக் காகிதங்களை வாங்கிப்போகக் காத்திருந்த கொரியர்காரரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

வண்டி கிளம்பியது.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பிரிசில்லா பெருமூச்சு விட்டாள்.

"எங்க மாதா பேரையும் ஒரு ஓரமா எழுதியிருக்கலாம்டி. மனுஷன் சென்னைக்கே நடந்து போயிக் குடுத்துட்டு வந்திருப்பாரு!"