ஏற்றிக் கட்டாத கை

நரசிம்மலுவின் நெற்றி மேசைமேல் கவிழ்ந்திருந்தது.

வலது கைக்குக் கீழே இரண்டு சீட்டு. இரண்டும் ஏஸ்.

ஞாயிற்றுக்கிழமை. பெரியநாயக்கன்பாளையத்து பம்ப்செட் கம்பெனியில் லேத் எதுவும் ஓடவில்லை. மாடி அறையில் மூன்று பேர். செத்துப்போன பார்ட்னர் நரசிம்மலு. உயிரோடிருக்கும் பார்ட்னர் கிருபாசங்கர். அப்போதுதான் படியேறி வந்த இன்ஸ்பெக்டர் சாஜிதா பேகம்.

மறுநாள் நரசிம்மலு தன் பங்கை வெளியாளுக்கு விற்பதாக இருந்தார். இனி அது நடக்காது. சாயங்காலத்துக்குள் உடம்பு எரிந்துவிட்டால்... கிருபாசங்கர் காப்பியில் கலந்து கொடுத்த அரளி விதையும் அதோடு சாம்பல்.

"வாங்க மேடம். உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் பிளாஸ்கிலிருந்து ஊற்றி நீட்டினான். அவள் வாங்கி மேசையில் வைத்தாள்.

"என்ன ஆட்டமுங்க இது?"

"போக்கருங்க. தொண்ணூத்தி மூணுல ஜெர்மனிக்கு மிசின் பாக்கப் போனப்ப நானும் நரசிம்மலு அண்ணனும் கத்துட்டு வந்தது. கையில ரெண்டு சீட்டு வரும். அதைப் பாத்துப்போட்டு முடிவு பண்ணோணும். ஏத்திக் கட்டறதா... இல்ல, இருக்கற பந்தயத்தையே கட்டிப்போட்டு சும்மா கூட வாரதா."

"எப்பிடி முடிவு பண்ணுவீங்க?"

"நல்ல கைன்னா ஏத்தோணுங்க. சும்மா கூட வாரவன்கிட்ட சரக்கு இருக்காது. அண்ணன் மட்டும் வேற மாதிரி. ஏஸ் ஜோடி வந்தாலும் பூனையாட்டம் கூடவே வருவாரு."

"இன்னிக்கும் அப்பிடியா?"

"ஆமாங்க. கூட வந்தாரு. நெஞ்சைப் புடிச்சாரு. சாஞ்சுபோட்டாரு."

"அட பாவமே... மாரடைப்புதானுங்க போல."

கிருபாசங்கர் உள்ளுக்குள் மூச்சு விட்டான். இந்தம்மா சும்மா கூட வருகிறாள். கையில் சரக்கு இல்லை.

ஏற்றிக் கட்ட வேண்டியதுதான்.

"மாரடைப்பேதானுங்க. போஸ்ட்மார்ட்டம்னு அறுத்துக் கிறுத்து வெச்சா அண்ணன் சம்சாரம் ரங்கம்மாக்கா தாங்காதுங்க. சாயங்காலமே எடுத்தர்லாமுங்களா?"

"எடுத்தர்லாமுங்க."

இன்னும் ஏற்றலாம்...

"காலைல வந்தவருங்க. இங்க ஒரு வாய் தண்ணி கூடத் தொடலீங்க."

சாஜிதா பேகம் தன் முன்னால் இருந்த டம்ளரையே பார்த்தாள்.

"ஏனுங்க கிருபாசங்கர். பொணத்தைப் பக்கத்துல வெச்சுட்டே எனக்குக் காப்பி ஊத்திக் குடுத்தீங்க. நம்மூர்ல யாரு வந்தாலும் கை தன்னால சொம்புக்குப் போயிரும். உசுரோட வந்த பார்ட்னருக்குத் தண்ணி கூடக் குடுக்கலீங்களா?"

"அது... அவரு வேண்டாம்னுட்டாருங்க."

"அப்பறம் எதுக்கு அங்க ரெண்டு டம்ளர் ஈரமாக் கவுந்து கெடக்குது?"

அவன் பிளாஸ்குக்குப் பின்னால் கவிழ்த்திருந்த டம்ளர்களைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் மேசை ஓரத்து டெலிபோனைத் தட்டினாள்.

"அதுகளைக் கழுவ நீங்க கீழ போன நேரத்துல இதுல ஊட்டுக்குப் பேசியிருக்காரு. 'கிருபா குடுத்த காப்பி கசக்குது ரங்கம்மா. வவுத்தைப் பெரட்டுது. கஷாயம் வெய்யி, வாரேன்'னு. அடுத்து உங்க போன் போயிருக்குது, செத்துட்டாருன்னு. அந்தம்மா ஒடனே என்னைக் கூப்பிட்டாங்க."

"எல்லாந் தெரிஞ்சுட்டேதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சுட்டேதான்."

"அப்ப... மொதல்லயே ஏனுங்க சொல்லல?"

"ரெண்டு ஏஸ் என் கையில. எடுத்ததும் ஏத்தியிருந்தா நீங்க சீட்டைக் கவுத்துப்போட்டு வக்கீலைக் கூப்பிட்டிருப்பீங்க. அதான், உங்க அண்ணனாட்டம் கூடவே வந்தேன். நீங்களே ஏத்தி ஏத்திக் கட்டிட்டீங்க."

கீழே ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் படியேறியது.

கிருபாசங்கர் நரசிம்மலுவின் கையைப் பார்த்தான். அந்த இரண்டு ஏஸும் அசையாமல் கிடந்தன. அவன் மணிக்கட்டில் விலங்கு இறுகியது.

சாஜிதா பேகம் தொடாத காப்பியை அவன் பக்கம் தள்ளினாள்.

"குடிச்சுப்போட்டே கெளம்பலாமுங்க. ஸ்டேஷன் காப்பி வெசம் இல்லாமயே கசக்கும்."