கொடியில் ஆறு துணி

"கொடியில பிள்ளைத் துணி கிடக்கு, பொழுது சாயறதுக்குள்ள எடுங்கன்னு எத்தனை தடவை..."

"எடுக்கறேன் குமுதா, இந்த போக்கஸ் மட்டும்..."

"...சொல்லிட்டேன்! மணி எட்டாகப் போவுது. விளக்கு வச்சப்புறம் பச்சைப் பிள்ளைத் துணி வெளிய கிடக்கலாமா?"

"ஆறே ஆறு நாப்பி லா! யாரு வந்து எடுத்துட்டுப் போகப் போறா? நீ லைட்டை மட்டும் போட்டுடாதே, படமெல்லாம் வெளுத்துடும்."

"நான் வாசப்படி தாண்டக் கூடாதுன்னுதானே உங்ககிட்டக் கெஞ்சறேன்."

ஜன்னல் கம்பிக்கு உள்ளே அவள். வெளியே, காப்பார் ஊரில் அவர்கள் வீட்டின் பின்புறப் புல்தரையில், ஸ்டாண்டில் ஏற்றிய கேமராவோடு அவள் புருஷன் விமலன். பிள்ளை பிறந்து பதின்மூன்று நாள். கார்த்திகைத் தீபத்தன்று, கார்த்திகை நட்சத்திரத்திலேயே பிறந்த ஆண்பிள்ளை. முப்பதாம் நாள் பெயர் வைக்கும்போது அவன் நட்சத்திரத்தைத் தன் கையாலேயே படம் பிடித்து, சட்டம் போட்டு மாட்டிவிட வேண்டும் என்று விமலனுக்கு ஆசை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட கைதான். ஒரு வாரமாய் அடித்த மழை இன்றைக்குத்தான் விட்டிருந்தது.

ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நான்கு நாளாய்ப் பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்புகிறது, புட்டியில் கொடுத்தால் துப்புகிறது. காலையில் வந்த நர்ஸ் மிஸ்ஸி எடை போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நாளைக்கும் ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே அழுகை கிளம்பியது. பூனைக்குட்டி கத்துவதுபோல் மெலிந்த அழுகை.

"பாருங்க, மறுபடியும் திருப்பறான். எனக்கு நெஞ்சு கல்லாக் கட்டிக் கிடக்கு."

"உன் பால் பிடிக்கலைன்னா அவன் நட்சத்திரத்துக்காரிங்களைத்தான் கூப்பிடணும்." விமலன் சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். "அக்காமாரே! முருகனுக்குக் குடுத்தீங்கல்ல, ஆறு பேரும் வந்து எங்க பிள்ளைக்கும் குடுத்துட்டுப் போங்க லா!"



"விளையாடற பேச்சா அது?" என்றாள் குமுதா. "தொட்டில்ல போட்டுட்டுக் குளியலறையில வெந்நி ஒத்தடம் வச்சுக்கப் போறேன். துணியை எடுங்க."

"எடுக்கறேன்."

எடுக்கவில்லை. கேமரா தானாகவே ஐந்து விநாடிக்கு ஒரு படமாக நூறு படம் எடுக்கும்படி அமைத்திருந்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் பட்டணத்து வெளிச்சத்தை மீறி நட்சத்திரம் துலங்கும். நடுவில் கொடிப் பக்கம் நடந்தால் ஸ்டாண்ட் அதிர்ந்துவிடும் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வேலிக்கு அப்பால் செம்பனைத் தோட்டம் இருட்டாய் நின்றது, காவாயில் தவளைகள் விடாமல் கத்தின, ஈர மண்ணும் பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் கலந்து வந்த காற்றில் ஆறு துணியும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கேமராவின் சின்னத் திரையில் ஆறு புள்ளிகள், கொத்தாக, பளிச்சென்று விழுந்தன.

இருபதாவது படத்தில் ஐந்துதான் இருந்தன.

லென்ஸில் பனி என்று நினைத்தான். துடைத்தான். கீழே ரோகிணி அப்படியே சிவந்து கிடந்தது. சுற்றியிருந்த பொடி நட்சத்திரங்களும் இடம் மாறவில்லை. மேகமும் இல்லை. அடுத்த படத்திலும் ஐந்து. அண்ணாந்து வெறுங்கண்ணால் எண்ணினான். ஐந்து.

கொடிப் பக்கம் ஒரு சத்தம். துணியை மடிப்பதற்கு முன்னால் பெண்கள் ஓங்கி ஒரு உதறு உதறுவார்களே, அந்தச் சத்தம்.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கொடியில் ஐந்து துணி.

கீழே விழுந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். எழுந்து போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. காற்றில் கருவாட்டு வாசனை போய், வெதுவெதுப்பாய், இனிப்பாய் ஒரு வாசனை. பால் சுரக்கும் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வரும் வாசனை.

திரையில் நான்கு.

உதறல். கொடியில் நான்கு.

தவளைகள் நின்றுவிட்டன.

மூன்று. உதறல். புல் நசுங்கியது, அவன் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி. ஏதோ அவனைத் தாண்டி வீட்டுப் பக்கம் போயிற்று.

கூப்பிட வாயைத் திறந்தான். குமுதா என்று வரவில்லை. வாய்க்குள் பால் ருசி.

இரண்டு. உதறல்.

ஒன்று. உதறல்.

வானத்தில் அந்த இடம் கறுப்பாய் இருந்தது. கொடி வெறுங்கயிறு.

பிள்ளையின் அழுகை நின்றது.

வாய்க்கு ஏதோ கிடைத்ததுபோல், சட்டென்று. பிறகு மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தம். பசித்த பிள்ளை குடிக்கும் சத்தம். நான்கு நாளாய் அதைக் கேட்கத்தானே அவன் காத்திருந்தான்? குமுதா ஒத்தடம் வைத்து முடித்திருப்பாள். பால் இறங்கியிருக்கும். குடிக்கிறான், பிள்ளை குடிக்கிறான். நாளைக்கு எடை ஏறிவிடும். விமலன் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

விழுங்கும் சத்தமும் ஓய்ந்தது.

தவளைகள் கத்தத் தொடங்கின. கேமரா நூறாவது படத்தை எடுத்துவிட்டு நின்றது. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தான். ஆறும் திரும்பி வந்திருந்தன, அதனதன் இடத்தில். முன்னைவிடக் கொழுந்துவிட்டு எரிந்தன.

ஆறுக்கும் நடுவில் இன்னொன்று. சின்னது.

முதல் படத்துக்குப் போய்ப் பார்த்தான். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கடைசிப் படத்துக்கு வந்தான். இருந்தது.

அண்ணாந்தான். வெறுங்கண்ணுக்கும் தெரிந்தது. புதுசாய், நடுங்கிக்கொண்டு.

பின்னறையில் லைட் எரிந்தது. ஜன்னல் கம்பியின் நிழல் புல்மேல் நீளமாய் விழுந்தது. ஒத்தடத் துணியைத் தோளில் போட்டபடி குமுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குக் கீழே ஆறு துணி, ஒன்றன்மேல் ஒன்றாய், மடித்து வைத்தபடி.

"துணியை மடிச்சு வச்சீங்களே, அது சரி," என்றாள். "பனியில பிள்ளையை எதுக்குங்க வெளிய தூக்கிட்டுப் போனீங்க? குடுங்க இங்க."