காற்று பட்டால் கறுக்கும்!

"ஐயோ... அண்ணா!"

அலறியது தம்பி.

கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் மருந்து தயாரிக்கிற சின்னக் கம்பெனி. அதன் முதலாளி பேக்கிங் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். வாயோரம் நுரை. கையருகே ஒரு பிளாஸ்டிக் இருமல் மருந்து பாட்டில்.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே நுழைந்தார். புளித்த நெடி. தரையெல்லாம் பழுப்புக் கறை. டீ டம்ளரில் செத்து மிதக்கும் ஈ. சே! மனுஷன் இருக்கிற இடமா இது?

"இவர்தான் சார் விஷம் வெச்சுட்டாரு!" முதலாளியின் மனைவி கொழுந்தனைக் காட்டினாள். "காலையிலதான் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை!"

"என்னய்யா சண்டை?"

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பழுப்பேறின பவுடரை மலிவா வாங்கிட்டு வந்து புது பாக்கெட்டுல அடைக்கச் சொன்னாரு சார். மாட்டேன்னுட்டேன். அதுல கழுவினா எவனோ ஒருத்தன் கல்யாண ஃபிலிம் மொத்தமும் பாழ்! கடைசியில அண்ணனே இறங்கி வந்தாரு. எல்லாத்தையும் கொட்டிடலாம்னாரு..."

"பச்சைப் பொய்!" என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் பாட்டிலைக் கைக்குட்டையால் தூக்கினார். துடைத்துவைத்த பளபளப்பு; ரேகை கிடைக்காது. மருந்து பாதிதான் இருந்தது. ஆனால்... பாட்டில் நசுங்கி, மருந்து கழுத்து வரை ஏறியிருந்தது. மூடி இறுக்கம்!

"துடைச்சு மூடினவன்தான் விஷம் வெச்சவன். ஆனா இருமல் மருந்தை எவன்யா இப்படிப் பிழிஞ்சு மூடுவான்?"

"ஃபிலிம் கழுவற டெவலப்பரை அப்படித்தான் சார் மூடணும். காத்து பட்டா கறுத்துடும். அதான் பிழிஞ்சு, காத்தை வெளியேத்திட்டு..."

தம்பி சட்டென்று நிறுத்தினான். முகம் வெளிறியது.

தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான்!

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"சார்... நான் பவுடர் மட்டும்தான் அடைப்பேன்! பாட்டில் வேலையெல்லாம் அண்ணன் வீட்டுல..."

"எல்லாம் இவர் வேலைதான் சார்! நான் அந்தக் கண்றாவியைத் தொட்டதுகூட இல்ல. அந்த நாத்தமே எனக்கு ஆகாது!" என்றாள் அண்ணி.

"சரிம்மா. அழுது தொண்டை வறண்டிருக்கும். ரெண்டு பேரும் முதல்ல தண்ணி குடிங்க."

ஆளுக்கொரு பாட்டில் வந்தது.

தம்பி பாதி குடித்தான். அப்படியே மூடியைத் திருகி வைத்தான்.

அண்ணியும் பாதி குடித்தாள். அவள் கட்டைவிரல் பாட்டிலை அமுக்கியது. தண்ணீர் வாய் வரை ஏறியது. அப்புறம்தான் மூடினாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "வீட்டுல பாட்டில் அடைச்ச கை எதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அவள் நசுங்கிய பாட்டிலைப் பார்த்தாள்.

"வாங்கின சரக்கைக் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டறேன்னா... வயிறு எரியாதா சார்?"

"அதுக்காகக் கட்டின புருஷனையா? தூ! இந்த ரூமே தேவலாம்."

தம்பி அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

விலங்கு அவள் கையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"இதையும் எடுத்துக்கோங்கம்மா. நல்லா மூடியிருக்கீங்க... ஆயுள் தண்டனை முடியற வரைக்கும் கெடாது!"