முதல் மார்க்கு வாங்காத வீடு

தொண்ணூற்றெட்டாம் வருஷம். திண்டுக்கல்லில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள் ரோசலின். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேறு மூன்று வீடுகளைப் பார்த்து வந்தார்கள். எதைப் பிடிப்பது என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முடிவு வரவில்லை.

"பரீட்சை மாதிரி மார்க்கு போட்டுருவோம்ப்பா," என்றாள் ரோசலின்.

வெளிச்சத்துக்குப் பத்து, பள்ளிக்கூடம் பக்கமா என்பதற்குப் பத்து, தண்ணீருக்குப் பத்து. நாகல்நகர் மாடி வீடு ஒன்பது, ஒன்பது, நான்கு வாங்கி இருபத்திரண்டோடு முதலில் நின்றது. பேகம்பூர் வீட்டுக்கு மூன்றிலும் ஏழு, மொத்தம் இருபத்தொன்று. மேட்டுப்பட்டி வீட்டில் தண்ணீர் பத்துக்குப் பத்து. ஆனால் வெளிச்சத்துக்கு நான்கு, பள்ளிக்கூடத்துக்கு ஐந்து. பத்தொன்பதோடு கடைசி.

ரோசலினுக்கு மாடி வீட்டின் மேல் கொள்ளை ஆசை. இப்போதே போய்ச் சொல்லிவிடுவதாக அப்பா சட்டையை மாட்டினார். அம்மா மட்டும் மூலையில் இருந்த குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று ரோசலின் கேட்டாள்.

"நல்ல வீடுதான். விடியுமுன்ன எந்திரிச்சு தெருக்குழாயில நிக்கணும். பெறகு அம்புட்டுக் குடத்தையும் மாடிக்குத் தூக்கணும். அத நெனச்சேன்."

ரோசலினுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் சுமப்பது அம்மா. மார்க்கு போட்டதோ ரோசலின்.

தண்ணீர் மார்க்கை மட்டும் இரட்டிப்பாக்கிக் கூட்டினாள். பென்சில் அப்படியே நின்றுவிட்டது. மேட்டுப்பட்டி இருபத்தொன்பது. பேகம்பூர் இருபத்தெட்டு. நாகல்நகர் இருபத்தாறு. முதலில் நின்ற வீடு கடைசியில் கிடந்தது! தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி மறுபடி பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"அப்ப மேட்டுப்பட்டிதானா?" என்றார் அப்பா.

"செத்த இருங்கப்பா."

வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினாள். மேட்டுப்பட்டி தடாலென்று கடைசிக்கு விழுந்தது. பள்ளிக்கூடத்தை இரட்டிப்பாக்கினாள். அப்போதும் கடைசிதான். இந்தக் கணக்கை நம்பியா வீடு பிடிக்கப் போனோம்?

பேகம்பூர் வீடு மட்டும் எப்படிக் கூட்டினாலும் அசையாமல் இரண்டாவதாகவே நின்றது. அங்கே வாசலிலேயே அடிபம்பு இருந்தது.

"இது ஒரு தடவகூட முதல் மார்க்கு வாங்கலையே," என்றார் அப்பா.

"ஒரு தடவகூடக் கீழ விழவும் இல்லையேப்பா. நம்ம மூணு பேருக்குமே ஆகும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவர் பேகம்பூருக்குக் கிளம்பினார்.

குடிபோன மறுநாள் ரோசலின் கண்விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. ஜன்னல் வெயில் பாய்மேல் விழுந்தது. பக்கத்தில் அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரோசலின் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அம்மா தூங்கி அவள் பார்த்ததே இல்லை.