சோடி இருக்கும் ஊர்

விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

ரொசாலி தராசிலிருந்து இறங்கினாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். சிவப்பு. சால்வையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். அப்போதும் சிவப்புதான். ஈடுநிலையத்துப் பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் போர்த்துகீசில் சொன்னதை ரொசாலியின் காதிலிருந்த மொழிச்சில்லு தமிழாக்கியது.

"அம்மா, நீங்க கல்லைக் கட்டிட்டு ஏறினாலும் அது கணக்குல எடுக்காது. உயிருள்ள உடம்பு மட்டுந்தான். உங்க சோடியவிட ரெண்டு கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்கீங்க."

"சிரிக்காத தாயி. என் மக அங்க வலி எடுத்துக் கிடக்கா."

பணிப்பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு குட்டித் தீவு. அதன் தலைநகரம் சாவோ தோமே. அங்கிருந்து தூத்துக்குடிக்கு விமானம் கிடையாது. எந்த ஊருக்குமே கிடையாது. விமானங்களெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிறது. இப்போது எல்லாருக்கும் ஈடுகூண்டுதான். இந்த ஊர்க் கூண்டில் ஒருவர், அந்த ஊர்க் கூண்டில் ஒருவர் நிற்க வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இருவரும் இடம் மாறியிருப்பார்கள். ஆனால் இரண்டு உடம்பும் ஒரே எடையாக இருக்க வேண்டும். கால் கிலோ முன்னே பின்னே இருந்தால் இயந்திரம் பொறுத்துக்கொள்ளும். யாரோ ஒருவரைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. இரண்டு உடம்பையும் ஒன்றுக்கொன்று பழக்க மாதக்கணக்கில் ஆகும். பழக்கிவிட்டால் ஆயுளுக்கும் அவர்கள்தான் சோடி. புருஷனை மாற்றினாலும் மாற்றலாம், சோடியை மாற்ற முடியாது என்று எங்கள் தூத்துக்குடியில் சொல்வார்கள்.

ரொசாலியின் சோடி பிலோமெனா, சாவோ தோமே சந்தையில் மீன் விற்கிறவள். கூண்டுக்காரர்களின் வழக்கப்படி அவள் ரொசாலியின் வீட்டில் தங்கினாள், ரொசாலி அவள் வீட்டில் தங்கினாள். ரொசாலி ஊர் சுற்ற வரவில்லை. மகள் டெல்பினுக்குத் தலைப்பிரசவம். மருத்துவர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது; வலி முந்திக்கொண்டது. தோமையார் பேரையே வைத்துக்கொண்டிருக்கிற ஊருக்குப் போய், அவர் திருநாளில் பூசை கண்டு, தங்குகிற நாளெல்லாம் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி பிடிப்பதாக நேர்ந்திருந்தாள்.

ஒருசந்திக்குக் குறை வைக்கவில்லை. காலையில் பேராலயம், மாலையில் வளைகுடா ஓரமாகவே பழைய கோட்டை வரைக்கும் நடை. மஞ்சள் டாக்சிகள் பக்கத்தில் வந்து ஊதிப் பார்த்தன; நேர்ச்சைக்கு நடைதான் நல்லது என்று அவள் ஏறவில்லை. ஒருத்தரும் அவசரப்படாத ஊர் அது. எப்படி இருக்கீர்கள் என்று கேட்டால் 'லெவே லெவே' என்பார்கள். மெல்ல மெல்ல என்று சில்லு சொல்லும். அவளுக்கு அந்த ஊர் ரொம்பவே பிடித்துப்போயிற்று. உடம்புதான் இளைத்துவிட்டது.

அதே நாட்களில் தூத்துக்குடியில் பிலோமெனா விருந்தாளி. எங்கள் ஊரில் விருந்தாளி 'போதும்' என்றால் இன்னும் ஒரு கரண்டி போடு என்று அர்த்தம். ரொசாலியின் நாத்தனார் ஜெசிந்தா காலையில் ஆப்பம், பதினொரு மணிக்கு மக்ரூன், மத்தியானம் சீலாமீன் குழம்பு, சாயங்காலம் பொரித்த பரோட்டா என்று அந்த அம்மாளை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

ஈடுநிலையத்தில் நின்றபடியே ரொசாலி ஊருக்குப் போன் போட்டாள். "ஏட்டி ஜெசிந்தா, அவள என்ன செஞ்சு வச்சிருக்க?"

"என்ன மைனி இப்படிக் கேக்கிய! வீட்டுக்கு வந்தவள பட்டினியா போட முடியும்? எடை ஏறிட்டுன்னு நேத்து கூண்டுல சொன்னாவ, அதோட நிறுத்திட்டேன். ராத்திரி ஒரே ஒரு இடியாப்பந்தான்."

"ஒரே ஒண்ணா?"

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணுன்னா... ஒரு தட்டு."

"பாவி மட்ட! எம்மவ வலியில துடிக்கா, நான் இங்கன கடலப் பாத்துட்டு நிக்கேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் முகத்துல முழிக்க மாட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கூட வந்திருந்த பிலோமெனாவின் புருஷன் அடெலினோ, டாக்சி ஓட்டி ஓய்ந்த மனுஷன், அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டான். "வாங்க, வீட்டுக்குப் போவோம். சாப்பிட்டா எடை ஏறும்."

"நான் ஒருசந்தில்லா அண்ணே. இப்பப் போயி தின்னா நேர்ச்ச முறிஞ்சிரும். அதனால பிள்ளைக்கு ஏதும் ஆயிட்டுன்னா?"

அடெலினோ யோசித்தான். "தோமையார் யாரு? தொட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னு ஆண்டவர்கிட்டயே சொன்னவரு. மகளத் தொட்டுப் பாக்கணும்னு நீங்க துடிக்கிறப்ப, அவரா கோவிச்சுக்குவாரு?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. பிலோமெனாவின் அடுப்படியில் உட்கார்ந்து, சுட்ட சீமைப்பலாவும், பனையெண்ணெயில் கீரையும் கருவாடும் போட்டுக் கொதித்த குழம்பும், வாழைப்பழமுமாக அள்ளி விழுங்கினாள். மேலே இளநீர். நாலாவது இளநீர் தொண்டையில் நின்றது. மெல்ல மெல்ல என்று அடெலினோ முதுகைத் தடவிவிட்டான். அந்த ஊரில் அப்படி அவசரமாக யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

மறுபடி தராசு. மறுபடி சிவப்பு. இன்னும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே குறைந்தது. போதாக்குறைக்கு, தூத்துக்குடிக் கூண்டைக் காட்டும் திரையில் ஒருத்தரும் இல்லை. கடைசியாகப் பதிந்த எடை மட்டும் கிடந்தது. புருஷன் கஸ்பாருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அவ எங்க?"

"பிலோமெனாவா? ஆஸ்பத்திரில நிக்கா."

"அங்க அவளுக்கு என்ன சோலி?"

"பிள்ள பொறந்துட்டு ரொசாலி. பொட்டப்பிள்ள. என்னமா அழுவுது!"

"மாதாவே! டெல்பின்?"

"நல்லாருக்கா. வச்சிருதேன்."

பொய் சொல்லும்போது கஸ்பாரின் குரல் மெலிந்துவிடும். இப்போதும் அப்படித்தான் மெலிந்திருந்தது. ரொசாலியின் பயமெல்லாம் கோபமாகிப் பிலோமெனாவின் மேல் பாய்ந்தது. தின்பதையும் தின்றுவிட்டு, கூண்டில் நிற்க வேண்டியவள் அங்கே போய்த் தன் இடத்தில், தன் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாளே! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பணிப்பெண்ணின் மொழிச்சில்லு பாதியை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டது.

அப்போது திரையில் பிலோமெனா தெரிந்தாள். யாரோ கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினாள். விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டுப் பச்சையானது.

எப்படி என்று ரொசாலி கேட்கவில்லை. ஓடிப்போய்க் கூண்டில் நின்றாள். கண்ணை மூடித் திறந்தாள். தூத்துக்குடியின் உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டெல்பின் வெளுத்துப்போய்க் கிடந்தாள். கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது.

"அம்மா, வந்துட்டியா?"

ரொசாலி மகளின் நெற்றியைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், காலைத் தொட்டாள். எல்லாம் சூடாக இருந்தது. பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு சிவந்த முகம் கொட்டாவி விட்டது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய வேகத்தில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

கஸ்பார் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து உண்மையைச் சொன்னார்.

"பெத்ததும் ரத்தம் நிக்கவே இல்ல. ஓ நெகட்டிவ் இருப்பு இல்லன்னுட்டாவ. நான் நாலா பக்கமும் போன் போட்டுட்டு நிக்கேன், பிலோமெனா சட்டையச் சுருட்டிட்டுக் கைய நீட்டுதா. தனக்கும் அதே ரத்தந்தான்னுட்டா. உடனே சோதிச்சு ஏத்துனாவ. முடிஞ்சதும் நர்ஸ் ஜூஸ் குடுத்தாவ, வாங்க மாட்டேன்னுட்டா. ஜெசிந்தா அழுதே பாத்துட்டா, ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சா எடை ஏறிரும், சோடி வர முடியாதுன்னுட்டு அப்படியே கூண்டுக்குப் போனா."

பச்சை விளக்கு எப்படி எரிந்தது என்று ரொசாலிக்கு இப்போது விளங்கிற்று. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திட்டிய வாயிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டாள். உடனே போன் எடுத்தாள். சாவோ தோமேயில் பிலோமெனா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அடெலினோ அவளுக்குக் குழம்பு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"சோடி, எம்மவளுக்கு உசிர் குடுத்திருக்க. போன்ல சொன்னா பத்தாது. உன்ன நேர்ல கட்டிப்பிடிச்சு ஒரு மூச்சு அழணும்."

"வா சோடி. அழுதுட்டு மீன் வறுத்துத் தின்போம்."

"வாரேன்," என்றாள் ரொசாலி. சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

ஞானஸ்நானத்துக்கு பிலோமெனாதான் ஞானத்தாய் என்று டெல்பின் ஒரே பிடியாக நின்றாள். பிலோமெனா வர வேண்டுமானால் ரொசாலி போக வேண்டும். பேத்தியின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பாட்டி பக்கத்தில் இருக்க முடியாது. "உனக்கு வருத்தமில்லையே?" என்று கஸ்பார் கேட்டதற்கு, "வருத்தந்தான். அதுக்குன்னு அவ வராம இருக்கக் கூடாது," என்றாள். அன்றைக்கு அவள் பிலோமெனாவின் அடுப்படியில் உட்கார்ந்து, அடெலினோவின் போனில் எல்லாவற்றையும் பார்த்தாள். குழந்தை பிலோமெனாவின் தோளில் தூங்கிவிட்டது. மறுநாள் ரொசாலி வீடு திரும்பியபோது, பிலோமெனா குடித்துவைத்த காப்பி டம்ளரில் சூடு ஆறியிருக்கவில்லை. அந்த டம்ளரைக் கழுவப் போட மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனாள். கொக்கோ ஏற்றப் போகும் சரக்குக் கப்பல் ஒன்று சாவோ தோமேக்கும் போகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த இளைஞன் அவளுடைய கூண்டு அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஒரு மாசம் கடல்ல கிடக்கணுமே ஆச்சி. உங்களுக்குத்தான் அந்த ஊர்ல சோடி இருக்காவளே. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரலாமே?"

"போயிரலாம்யா," என்றாள் ரொசாலி. "ஆனா அப்படிப் போனா அவ அங்க இருக்க மாட்டாளே."