கிட்டாருக்கு எத்தனை வயிறு?

கடுகு கிட்டாருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டான்.

கடுகு என்றால் மூன்று வயதுத் தம்பி. அம்மா வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அவனுடைய பத்து வயது அக்கா. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வக்கீல் வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு கணக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அதற்குள் பையன் வேலையைக் காட்டிவிட்டான்.

அம்மா பழைய கிட்டார்களைப் பழுதுபார்ப்பவர். முன்னறைதான் அவருடைய பட்டறை. அன்று மேஜைமேல் இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்கள் கிடந்தன. ஒன்று, கனத்த மரப்பலகையை அப்படியே வெட்டிச் செய்தது. அதில் ஓட்டையும் கிடையாது, உள்ளே இடமும் கிடையாது. மற்றது வயலின்போல உப்பிய உடம்புக்காரன். அதன் நெஞ்சில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என வளைந்த இரண்டு ஓட்டைகள். ஒரு ஓட்டைக்கு மேல் கறுப்புத் தகடு ஒன்று மூடினாற்போல நீட்டிக்கொண்டிருந்தது.

பலகைக் கிட்டாரின் கம்பிகள் உட்கார மூன்று பித்தளைத் துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவுதான். அம்மா அவற்றைத் துடைத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் புதுக் கம்பி வாங்கப் போயிருந்தார். நாலு மணிக்குக் கிட்டார்க்காரர் வருவார். ஐந்து மணிக்கு அவருக்கு மேடை. அது தாத்தா வயசுக் கிட்டார், அந்தத் துண்டு இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது.

கிண்ணத்தில் இரண்டுதான் இருந்தன. மணி மூன்றேகால்.

"இன்னொண்ணு எங்கடா?" என்றாள் வக்கீல்.

கடுகு உப்பிய கிட்டாரைக் காட்டினான். "அதுக்குப் பசிச்சுது. ஊட்டிட்டேன்."

"இதுக்கு ஏன் ஊட்டல?" என்று பலகைக் கிட்டாரைக் காட்டிக் கேட்டாள்.

"பாவம், அதுக்கு வாயே இல்ல."

வக்கீல் போட்ட கூச்சலைக் கேட்டு அப்பாவும் சித்தப்பாவும் ஓடிவந்தார்கள். அப்பா அம்மாவுக்கு போன் போட்டார். அலமாரிமேல் அம்மாவின் போன் அழகாகப் பாடியது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இது ஒரு விஷயமா, தள்ளுங்க" என்றார் சித்தப்பா. அவர் ஒரு கயிற்றில் காந்தம் கட்டி இறக்கினார். அது ஓட்டைக்குள் போகவே இல்லை. துள்ளிப்போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

"சித்தப்பா, அது பித்தளை. காந்தம் பிடிக்காது."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

அடுத்து, கிட்டாரைக் கவிழ்த்துக் குலுக்கினார்கள். திறந்திருந்த ஓட்டை வழியாக முதலில் பிஸ்கட் தூள் கொட்டியது. பிறகு ஒரு சட்டைப் பட்டன். பிறகு அப்பா ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பேனா மூடி. பித்தளை மட்டும் உள்ளே கடகடவென்று உருண்டதே தவிர, வெளியே வருவதாக இல்லை.

"அந்தப் பக்க ஓட்டையில பாத்தா என்ன?" என்றாள் வக்கீல்.

"அதைத்தான் தகடு மறைச்சிருக்கே, அதுல எப்படிப் போகும்?" என்றார் அப்பா. "எதுல போனா என்ன, உள்ள எல்லாம் ஒரே வயிறுதான்" என்றார் சித்தப்பா.

மணி மூன்றரை. அப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. "எல்லாம் உன்னாலதான்டா" என்று கடுகை ஒரு அதட்டல் போட்டார். கடுகு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வாயை இறுக்க மூடிக்கொண்டான். அவன் என்ன செய்வான், பார்த்துக்கொள்ள வேண்டியது நான்தானே என்று வக்கீலுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

சித்தப்பா மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் பலகைக் கிட்டாரை விரலால் தட்டினாள். எங்கே தட்டினாலும் டக், டக். பிறகு உப்பிய கிட்டாரைத் தட்டினாள். ஓரத்தில் தொம். நடுவில் டக். அந்தப் பக்க ஓரத்தில் மறுபடி தொம்.

மறுபடியும் தட்டிப் பார்த்தாள். தொம், டக், தொம்.

நடுவில் கெட்டியாக ஏதோ ஒரு கட்டை இருக்கிறது. அப்படியானால் இதற்கு ஒரு வயிறு இல்லை, இரண்டு. அந்தப் பக்கம் விழுந்தது இந்தப் பக்கம் எப்படி வரும்?

அவள் மேஜைக்கு அடியில் குனிந்து போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"நான் திட்ட மாட்டேன். கடைசி வாய் எதுல ஊட்டின?"

கடுகு கறுப்புத் தகடு இருக்கும் பக்கம் கை நீட்டினான். "அந்த வாய்க்கு யாருமே குடுக்கல."

"தகடு இருக்கே?"

கடுகு தன் குட்டிக் கையைத் தட்டையாக்கிக் காட்டினான். அந்தக் கை எந்தச் சந்திலும் போகும்.

வக்கீல் திருப்புளியை எடுத்தாள். "ஏய், என்ன பண்ற?" என்றார் அப்பா.

"ரெண்டே ரெண்டு திருகாணிப்பா. நீங்க கிட்டாரை மட்டும் கெட்டியாப் பிடிங்க. குலுக்காதீங்க."

தகடு கழன்றது. கிட்டாரை மெதுவாகக் கவிழ்த்து ஒரு பக்கம் சாய்த்தார்கள். கடகட என்று உருண்டு வந்த பித்தளைத் துண்டு, அப்பாவின் மடியில் பொத்தென்று விழுந்தது. மணி நாலாக ஐந்து நிமிஷம்.

தகட்டை மாட்டி முடிக்கவும் அம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"ஏன் எல்லார் மூஞ்சியும் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா பேசிட்டிருந்தோம்" என்றார் சித்தப்பா.

"நான்தாம்மா கடுகைப் பாக்காம விட்டுட்டேன்" என்றாள் வக்கீல். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா மளமளவென்று பித்தளையைப் பொருத்திக் கம்பி கட்டினார். கிட்டார்க்காரர் வந்தார், தடவிப் பார்த்தார், வாசித்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாகக் கிளம்பிப் போனார்.

அப்புறம்தான் அம்மா திரும்பினார். "உள்ள கட்டை இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தட்டிப் பாத்தேன்."

அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, மற்ற இருவரையும் பார்த்தார். "வளந்த ஆளுங்க ரெண்டு பேர் அரைமணி நேரமா குலுக்கியிருக்கீங்க. போட்டவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணல. நாளைக்கும் நான் வெளிய போகணும். பட்டறையை வக்கீல் பாத்துக்குவா. நீங்க ரெண்டு பேரும் கடுகைப் பாத்துக்குங்க."

"அவன் ஒருத்தனுக்கு ரெண்டு பேரா அண்ணி?" என்றார் சித்தப்பா.

"பத்தாதுன்னா சொல்லுங்க" என்றார் அம்மா. "பக்கத்து வீட்லேர்ந்து இன்னொருத்தரைக் கூப்பிடறேன்."